வந்தவர்கள் வைத்த பெயர்கள்

1086-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. இருபது வருடத்துக்கு முன் படையோடு வந்து நாட்டைப் பிடித்த நார்மன் அரசன் வில்லியமுக்கு, தான் பிடித்தது என்ன, அதில் எது யாரிடம் இருக்கிறது என்று தெரியவேண்டியிருந்தது. டூம்ஸ்டே புத்தகம் என்று பின்னால் பெயர் பெற்ற அந்தப் பதிவேட்டில், ஹாம்ப்ஷயர் பகுதியில், 'லெஸ்போர்ன்' என்று ஓர் ஊர் வருகிறது. அப்படி ஓர் ஊர் கிடையாது. ஊரின் பெயர் செல்போர்ன். 903-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில் 'செலெபோர்ன்' என்று ஒழுங்காகவே இருக்கிறது. அரசனின் எழுத்தர் கையில் முதல் எழுத்துகள் இடம் மாறிவிட்டன.

எனக்கு இந்த மாதிரிப் பிழைகள் நல்ல பழக்கம். லண்டனில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், முகவரித் தரவைச் சுத்தம் செய்யும் குழுவில் வேலை. ஒரே வீடு நாலு விதமாக எழுதப்பட்டு வரும். நாலும் ஒன்றுதான் என்று நிரல் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் அட்டவணையில் செல்போர்ன் என்பது இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற வகைத் தகவல். ஆல்ட்டன் என்கிற அஞ்சல் நகரமும், ஜி.யூ.34 என்று தொடங்கும் குறியீடும் போதும். ஊர்ப் பெயரை அழித்துவிட்டாலும் கடிதம் போய்ச் சேரும். அப்படியென்றால் ஆயிரத்து நூறு வருடமாக அந்தப் பெயரை ஏன் யாரும் விடவில்லை? அந்தக் கேள்விக்காகத்தான் அதன் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததும் போகவேண்டும் போல் இருந்தது. ஒரு வசந்தகாலச் சனிக்கிழமை நானும் மனைவியும் ஆல்ட்டன் வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடித்தோம். லண்டனுக்குத் தென்மேற்கே ஐம்பது மைல். ஒரே ஒரு முக்கியத் தெரு. தெருவுக்குப் பின்னால் சுவர் மாதிரி எழும் சுண்ணாம்புக் குன்று, அதில் அடர்ந்த பீச் மரங்கள். குன்றின் பெயர் ஹாங்கர். சட்டை மாட்டும் ஹாங்கர் ஞாபகம் வந்து சிரித்தோம். பழைய ஆங்கிலத்தில் 'ஹாங்க்ரா' என்றால் சரிவில் நிற்கும் காடு. சரிவில் தொற்றிக்கொண்டிருப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஊர்ப் பெயருக்கும் அதே மாதிரி நேரான பொருள்தான்: வில்லோ மரங்களை ஒட்டி ஓடும் ஓடை. எந்த அரசனும் இந்தப் பெயர்களை வைக்கவில்லை. வழி சொல்லவேண்டியிருந்தவர்கள் வைத்தது.

*

செல்போர்ன் உலகத்துக்குத் தெரிந்தது ஒரு மனிதரால். கில்பர்ட் வைட், 1720-ல் இங்கே பிறந்தார். தாத்தா இந்த ஊரின் பங்குக் குரு. வைட் ஆக்ஸ்போர்டில் படித்து, அவரும் குருவானார். ஆனால் செல்போர்னின் பங்குக் குருவாக அவரால் ஆக முடியவில்லை. அந்தப் பதவியை நிரப்பும் உரிமை ஆக்ஸ்போர்டின் மாட்லின் கல்லூரியிடம் இருந்தது. வைட் படித்தது ஓரியல் கல்லூரி. சொந்த ஊரில் உதவிக் குருவாகவே இருந்து 1793-ல் இறந்தார். 1789-ஆம் ஆண்டு தேதியிட்டு வந்த அவருடைய புத்தகத்தின் பெயர் 'செல்போர்னின் இயற்கை வரலாறும் தொன்மைகளும்'. பெரும்பாலும் இரண்டு நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள். ஒரே பாரிஷைப் பற்றி ஒரு ஆள் வாழ்நாள் முழுக்கக் கவனித்து எழுதியது.

பாரிஷ் என்றால் நம் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்று சொல்கிறார்களே, அதுதான். ஒரு கோவில், அதற்கு உட்பட்ட எல்லை. இங்கிலாந்தில் அது வெறும் கோவில் விஷயமாக நிற்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து சாலையைச் சரிசெய்வது, ஏழைகளுக்குப் படியளப்பது எல்லாம் பாரிஷின் பொறுப்பு. அதனால் எல்லை எங்கே என்பது காசு சம்பந்தப்பட்ட விஷயமானது. வரைபடம் அரிதாக இருந்த காலத்தில் ஊரே திரண்டு எல்லையைச் சுற்றி நடப்பார்கள். எல்லைக் கல் வரும்போது சின்னப் பையன்களுக்கு ஒரு அடி விழும், அல்லது கல்லில் இடித்துவிடுவார்கள். வலித்த இடம் அறுபது வருடத்துக்கு மறக்காது. மனிதர்களையே சேமிப்புக் கிடங்காகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

வைட் தன் பாரிஷின் எல்லையை ஒட்டிப் பன்னிரண்டு பாரிஷ்களைப் பெயர் சொல்லி எண்ணுகிறார். மண் எங்கே மாறுகிறது, எந்தக் கல் எதற்கு உதவும் என்று எழுதுகிறார். பக்கத்து நோர் குன்றிலிருந்து இரண்டு ஓடைகள் கிளம்புகின்றன. ஒன்று தெற்கே ஆருன் ஆற்றில் கலந்து ஆங்கிலக் கால்வாய்க்குப் போகிறது. இன்னொன்று வே ஆற்றின் வழியாகத் தேம்ஸில் சேர்ந்து வட கடலுக்கு. ஒரே குன்று, இரண்டு கடல். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் லேசான பெருமை கேட்கிறது.

*

அந்தப் பக்கத்து ஊர்களின் பெயர்களைத்தான் நான் ரயிலில் பட்டியல் போட்டுக்கொண்டு போனேன். ஓக்ஹாங்கர், ஓக் மரச் சரிவு. கிங்ஸ்லி, அரசனின் காட்டு வெளி. எம்ப்ஷாட் கொஞ்சம் சிரமம். அது 'இம்பெ', 'ஷேயட்' என்கிற இரண்டு பழைய சொற்கள் தேய்ந்து ஒட்டியது. தேனீக் கூட்டங்கள் வந்து அடையும் மூலை நிலம் என்று அர்த்தம். வுல்மர் என்பது ஓநாய்க் குளம். அதே வுல்மர் காட்டுக்குள் கிரான்மர் என்று இன்னொரு குளம், கொக்குக் குளம்.

இங்கிலாந்தின் ஓநாய்கள் ஐநூறு வருடத்துக்கு முன்பே அழிந்துவிட்டன. குளம் மட்டும் இன்னும் ஓநாயின் பெயரில் இருக்கிறது. வுல்மர் 'காடு' என்பதே ஒரு தனிக் கதை. அந்த முழுப் பரப்பிலும் நிற்கிற மரம் ஒன்றுகூட இல்லை என்று வைட் எழுதுகிறார். வெறும் மணலும் ஹெதர் புதரும். ஏனென்றால் அந்தக் காலத்தில் 'ஃபாரெஸ்ட்' என்பது சட்டச் சொல். அரசன் வேட்டையாட ஒதுக்கிய நிலம் எதுவானாலும் ஃபாரெஸ்ட்தான், மரம் இருக்கவேண்டிய கட்டாயமில்லை. 1740, 41-ல் மழை பொய்த்து வுல்மர் குளம் வற்றியபோது, அடிச்சேற்றில் நூற்றுக்கணக்கான ரோமானியக் காசுகள் கிடைத்தன. ஓநாய் என்று பெயர் வைத்த சாக்ஸன்களுக்கும் முன்னால் அங்கே ஆள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் அந்தக் குளத்தை என்ன பெயர் சொல்லி அழைத்தார்களோ, அது மிஞ்சவில்லை.

ஒரு பெயர் மட்டும் அந்தப் பழைய அடுக்கிலிருந்து தப்பித்திருக்கிறது. லிஸ். சுற்றிலும் இருக்கிற பெயர்கள் பழைய ஆங்கிலமாக இருக்க, இது கெல்ட்டிய மொழிச் சொல். தலைவனின் மாளிகை என்று பொருள். இன்றைய வெல்ஷ் மொழியில் அதே சொல் உயிரோடு இருக்கிறது. சாக்ஸன்கள் வந்தபோது ஏற்கனவே இருந்தவர்கள் சொன்ன பெயர். வந்தவர்கள் பொருள் தெரிந்தோ தெரியாமலோ அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

சாக்ஸன்களுக்கு மேலே நார்மன்கள். ஹார்ட்லி மாடிட் என்பதில் ஹார்ட்லி பழைய ஆங்கிலம், மான் திரியும் வெளி. மாடிட் என்பது பிரான்ஸிலிருந்து வந்து நிலம் பிடித்த குடும்பத்தின் பெயர். நியூட்டன் வாலன்ஸும் அப்படித்தான். நியூட்டன் என்றால் புது ஊர். வாலன்ஸ் என்பது வில்லியம் டி வாலன்ஸ், மூன்றாம் ஹென்றி அரசனுக்குத் தாய் ஒன்று, தகப்பன் வேறான தம்பி, பிரான்ஸில் பிறந்தவர். 1258-ல் ஆங்கிலப் பிரபுக்கள் அரசனை நெருக்கி, அயல்நாட்டுக்காரர்கள் சொத்தையெல்லாம் சுருட்டுகிறார்கள் என்று குற்றம் சாட்டி, இவரையும் இவர் சகோதரர்களையும் நாட்டை விட்டுத் துரத்தினார்கள். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்துவிட்டார். இன்று நியூட்டன் வாலன்ஸ் போல் ஓர் ஆங்கிலக் கிராமப் பெயர் வேறு இருக்குமா என்று தோன்றும், அவ்வளவு 'இங்கிலீஷாக' ஒலிக்கிறது. பாதிப் பெயர் அந்நியன் என்று விரட்டப்பட்டவருடையது.

*

செல்போர்ன் கோவிலுக்கு முன்னால் ஒரு சின்னப் புல்வெளிச் சதுக்கம். பெயர் ப்ளெஸ்டர். பழைய பத்திரங்களில் 'ப்ளேஸ்டோ', அதாவது விளையாடும் இடம். 1271-ல் சர் ஆடம் கர்டன் என்பவரும் மனைவி கான்ஸ்டன்ஷியாவும் இதைப் பக்கத்து மடத்துக்குத் தானமாகக் கொடுத்தார்கள். மடம் இங்கே சந்தை நடத்தியது. நடுவில் ஒரு பிரம்மாண்டமான ஓக் மரம் இருந்ததாம். அடியில் கல் படிகளும் இருக்கைகளும். கிழவர்கள் உட்கார்ந்து நியாயம் பேச, பிள்ளைகள் எதிரில் ஆட. 1703-ன் பெரும்புயலில் மரம் சாய்ந்தது. அன்றைய பங்குக் குரு நிறையப் பணம் செலவு செய்து அதைத் தூக்கி நிறுத்தினார். கொஞ்ச காலம் துளிர்விட்டு, பிறகு பட்டுப்போனது.

கோவில் வளாகத்தில் ஒரு பெரிய அடிமரம் நிற்கிறது. அது யூ மரம். வைட் காலத்திலேயே சுற்றளவு 23 அடி. நாங்கள் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கல்லறைகளுக்கு நடுவே புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். 1990 ஜனவரிப் புயலில் விழுந்தது என்றார்.

"விழுந்ததும் விடல. கிளையெல்லாம் வெட்டிட்டு மறுபடி தூக்கி நட்டோம். பிழைக்கல."

"1703-ல அந்த ஓக் மரத்துக்கும் இதையேதான பண்ணாங்க?"

"ஆமா. அது பிழைக்கலன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் நட்டோம்."

நீங்கள் இந்த ஊர்க்காரரா என்று கேட்டேன். அவசரமாக மறுத்தார். "இல்ல இல்ல. நான் வந்து நாப்பது வருஷம்தான் ஆச்சு."

ஊருக்குள் கிரேஷியஸ் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு இருக்கிறது. கருணைத் தெரு என்று சொல்லலாமா? தெரியாது. ஏன் இந்தப் பெயர் என்று யாருக்கும் விளங்கவில்லை என வைட்டே எழுதிவிட்டார். அவருக்கே தெரியாதென்றால் யாருக்குத் தெரியும்? எங்கள் அட்டவணையில் அது முறையான, செல்லுபடியாகும் முகவரி. பொருள் தொலைந்த பிறகும் பெயர் வேலை செய்கிறது.

*

திரும்பி வந்த பிறகுதான், பாரிஷ் எல்லை ஏழைகளுக்கு என்னவாக இருந்தது என்று படித்தேன். 1662-ல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு மனிதனும் ஏதோ ஒரு பாரிஷைச் சேர்ந்தவனாக இருக்கவேண்டும். அந்தச் சேர்த்திக்குச் 'செட்டில்மெண்ட்' என்று பெயர். நொடித்துப்போனால் உனக்குச் சோறு போடவேண்டியது அந்தப் பாரிஷ்தான். வேறு பாரிஷுக்கு நீ போய், வருடத்துக்குப் பத்து பவுண்டுக்குக் குறைவான வாடகையில் குடியேறினால், நாற்பது நாளுக்குள் புகார் கொடுத்து உன்னைத் திருப்பி அனுப்பலாம். நீ பிச்சை கேட்டிருக்கவேண்டும் என்றில்லை. பின்னால் கேட்கக்கூடும் என்று தோன்றினாலே போதும். 1795 வரை இதுதான் நிலைமை.

செட்டில்மெண்ட் வாங்க வழிகள் இருந்தன. தொழில் பழகுநராக இருக்கலாம். பெண்ணுக்குக் கணவனின் பாரிஷ் கிடைக்கும். கல்யாணமாகாதவர் ஒரே இடத்தில் ஒரு முழு வருடம் வேலை பார்த்தால் கிடைக்கும். அதனால் பண்ணைக்காரர்கள் ஐம்பத்தொரு வாரத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஒரு வாரத்தைக் குறைத்துவிட்டால் அவன் ஊர்க்காரனாக மாட்டான், ஏழை வரியும் ஏறாது. கல்யாணமாகாத கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டார்கள். முறையான திருமணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த பாரிஷே சொந்தம் என்பதால்.

இரவு சாப்பாட்டின்போது மனைவியிடம் இதைச் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"நம்ம விசா லெட்டர்லயும் செட்டில்மெண்ட்னுதானே போட்டிருக்கான்?"

அதே சொல்தான். இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு அரசின் மொழியில் இன்றைக்கும் செட்டில்மெண்ட் என்றுதான் பெயர். ஐந்து வருடம் வேலை விசாவில் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்ற விதியை நம்பி வந்தவர்கள் நாங்கள். 2025 மே மாதம் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பொதுவாக அதைப் பத்து வருடமாக்கலாம் என்று முன்மொழிந்தது. ஐம்பத்தொரு வாரக் கணக்கைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்ததா என்றால், இல்லை. நிரல் எழுதுபவனுக்கு அது உடனே புரிகிறது. எல்லைக்கு ஒரு நிபந்தனை வைத்தால், அந்த நிபந்தனைக்கு ஒரு வாரம் முன்னால் நிற்கிறவன் கட்டாயம் இருப்பான். யாரோ உட்கார்ந்து அந்த இடத்தில் அவனை நிறுத்துவான்.

*

வைட்டின் செல்போர்னிலும் ஏழைகள் இருந்தார்கள். 1783 அக்டோபர் 4 அன்று ஒரு தலைக்கட்டுக் கணக்கு தருகிறார். 136 குடும்பங்கள், தெருவில் 313 பேர், மற்ற இடங்களில் 363, மொத்தம் 676. ஏழைகள் நிறைய என்றும், அவர்களில் பலர் உழைப்பாளிகள் என்றும், கல்லோ செங்கல்லோ வைத்த வீடுகளில் சௌகரியமாக இருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். கோரைத் தண்டைக் கொழுப்பில் தோய்த்துச் செய்யும் விளக்கைப் பற்றி ஒரு முழுக் கடிதம் இருக்கிறது. ஒரு தண்டு எவ்வளவு நேரம் எரியும், ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை தண்டு என்று எண்ணி, ஒரு ஃபார்திங்குக்கு, அதாவது கால் பென்னிக்கு, ஐந்தரை மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார். ஏழை வீட்டு இருட்டை இவ்வளவு பொறுமையாக எண்ணிப் பார்த்த இன்னொரு குருவானவர் எனக்குத் தெரிந்து இல்லை.

அவர் இறந்து 37 வருடம் கழித்து, 1830 நவம்பர் 22, அந்தச் சௌகரியம் உடைந்தது. தென் இங்கிலாந்து முழுக்கக் கூலி போதாமல் விவசாயத் தொழிலாளிகள் எழுந்த நேரம். செல்போர்னில் கூட்டம் பங்குக் குருவை வளைத்து, தசமபாகத்தைக் குறைப்பதாகக் கையெழுத்து வாங்கியது. பிறகு ஏழைகள் இல்லத்துக்குப் போய் அதை நாசமாக்கினார்கள். மறுநாள் பக்கத்து ஹெட்லியிலும் அதே. பிடிபட்டவர்களில் சிலரை ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தினார்கள். அவர்கள் அந்த வட்டாரத்து மண்ணின் ஆட்கள். எந்தச் சட்டப்படியும் ஊர்க்காரர்கள். ஊரைச் சேர்ந்தவன் என்பது ஊரில் இருக்கவிடுவார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று அன்று தெரிந்திருக்கும். எந்தத் தெருவுக்கும் அவர்கள் பெயரை நான் பார்க்கவில்லை.

வைட்டின் கல்லறையும் சின்னதுதான். கோவிலுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரக் கல். ஜி.டபிள்யூ., 1793 ஜூன் 26. அவ்வளவே. முழுப் பெயர் கிடையாது.

இப்போது விண்ணப்பத்துக்காக நான் ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். இந்த நாட்டை விட்டு எந்தெந்தத் தேதியில் வெளியே போனேன், எப்போது திரும்பினேன். எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்துக்கொண்டாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. பழைய போர்டிங் பாஸ்களை மின்னஞ்சலில் தேடும்போது வைட்டின் நாட்குறிப்பு ஞாபகம் வருகிறது. அவரும் வருகைத் தேதிகளை எழுதிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு ஏப்ரலிலும் முதல் தகைவிலான் என்று வந்தது, இலையுதிர் காலத்தில் கடைசியாக என்று பார்த்தது.

அவை குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது அவரை விடாத கேள்வி. ஜிப்ரால்டரில் இருந்த தம்பி ஜான், பறவைகள் கூட்டமாகக் கடல் தாண்டுவதைப் பார்த்து எழுதியனுப்பினார். வைட் அதை நம்பினார், ஆனாலும் முழுக்க இல்லை. சில தகைவிலான்களாவது எங்கும் போகாமல், இங்கேயே ஏதாவது பொந்தில் உறங்கிக் கிடக்கும் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டே இருந்தார். 1781-ல் ஆள் வைத்துப் புதர்களையும் பொந்துகளையும் துழாவச் சொன்னார். ஒன்றும் கிடைக்கவில்லை.

1911-ல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு தகைவிலானின் காலில் வளையம் மாட்டிவிட்டார்கள். 1912 டிசம்பரில் அது தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் கிடைத்தது. வைட் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், கொஞ்சம் வருத்தமும் பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். தன் ஊர்ப் புகைபோக்கியில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற ஒன்றை வேறு ஊர் எல்லைக்கு உட்பட்டதாக எழுத அவருக்குக் கை வரவில்லை. இரண்டு இடமும் அதற்கு ஊர்தான் என்று எழுதுவதற்கு அவருடைய பாரிஷில் ஒரு சொல் இருக்கவில்லை. எங்கள் படிவத்திலும் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.